ராமமூர்த்தி நகர் கிரைண்டர்: ஒரு பேரத்தின் முழு விவரம்

பெங்களூரு மர்ஃபி டவுனில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா ஒருவர், ராமமூர்த்தி நகரில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற தம்பதியிடம் 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்றை வாங்கினார். சொன்ன விலை ₹6,000. முடிந்தது ₹4,500. இரண்டு குடும்பமும் அதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. அக்கா எங்கள் தெரு. சாமான் பார்க்கப் போனபோதும், தூக்கிவந்தபோதும், பிறகு மோட்டார் நின்று சண்டையாகியிருக்கவேண்டிய நேரத்திலும் நான் கூட இருந்தேன். எழுதுவதில் இரு தரப்புக்கும் சம்மதம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

நாணயமானவர்கள் பேரம் பேசமாட்டார்கள், பேரம் பேசுகிறவர்களிடம் நாணயம் இருக்காது என்று ஒரு எண்ணம் நமக்குள் ஊறிக்கிடக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் அப்படி நடக்கவில்லை. ஐம்பது ரூபாயைக்கூடச் சும்மா விடாமல் இருவரும் பேசினார்கள். அதே நேரம், கிரைண்டர் எப்படி இருக்கிறது என்பதில் கடைசிவரை யாரும் எதையும் மறைக்கவில்லை. விலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் மல்லுக்கட்டலாம், சாமானின் நிலவரத்தில் கைவைக்கக்கூடாது. முன்பின் தெரியாதவர்கள் பழைய சாமானை வாங்கி விற்க இந்த ஒரு ஒழுங்கு போதும் என்று நான் நம்புகிறேன். அது நடைமுறையில் எப்படி நின்றது என்பதைத்தான் கட்டம் கட்டமாக எழுதுகிறேன்.

சாமானும் ஆட்களும்

டில்டிங் கிரைண்டரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்புச் சட்டத்தில் பெரிய ட்ரம், அதன் அடியில் கருங்கல். மோட்டார் பெல்ட் வழியாக ட்ரம்மைச் சுற்றும், குழவி ஒரு பிடியில் மாட்டி நிற்கும். அரைத்து முடிந்ததும் ட்ரம்மைச் சாய்த்து மாவை வழித்துக்கொள்ளலாம். வெட் கிரைண்டர் என்பதே 1955ல் கோயம்புத்தூரில் பிறந்த சாமான். ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல்லில் செய்யும் அந்தக் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் எந்தத் தெருவிலும், அல்சூரோ ஸ்ரீராமபுரமோ, ஒரு வீட்டிலாவது இது ஓடிக்கொண்டிருக்கும்.

அக்காவிடம் இருந்தவை 2 லிட்டர் மேசைக் கிரைண்டர்கள். ஒன்று எரிந்துபோனது. மிச்சமிருந்த ஒன்றில் ராத்திரி முழுக்க அரைத்தாலும் காலையில் கேட்டு வருபவர்களுக்கு மாவு போதவில்லை. புதிதாக 10 லிட்டர் வாங்குவதென்றால் ₹20,000-க்கு மேல். அவர் கையில் ₹5,000 இருந்தது, அதற்குள்தான் வண்டி வாடகையும்.

விற்றவர் தூரவாணி நகர் ஐ.டி.ஐ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 1948ல் தொடங்கிய அந்தத் தொலைபேசித் தொழிற்சாலையை நம்பி வந்து, சுற்றுப்பட்டிலேயே வீடு கட்டித் தங்கிவிட்ட குடும்பங்கள் ராமமூர்த்தி நகரில் நிறைய. கிரைண்டர் அவருடைய மனைவியுடையது. அக்கம்பக்கத்தாருக்குக் கூலிக்கு மாவு அரைத்துக் கொடுத்தவர் அவர். முட்டி வலி வந்தபின் நிறுத்திவிட்டார். மகன் இருக்கும் ஊர் கோயம்புத்தூர். “அங்கே போறதுக்கு இதைத் தூக்கிட்டுப் போனா பாக்கிறவன் என்ன சொல்லுவான்?” என்றார் பெரியவர்.

விளம்பரம், தமிழர்கள் சாமான் வாங்கும் ஒரு மளிகைக்கடைச் சுவரில் ஒட்டிய தாள். போனில் அவர் முதலில் சொன்னதே, “நேர்ல வந்து பாருங்க, பாக்காம பணம் போடாதீங்க” என்பதுதான். இன்றைக்கு இந்த வார்த்தைக்குப் பெரிய மதிப்பு உண்டு. ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, பீரோவை அவசரமாகத் தள்ளுகிறேன் என்று போனிலேயே கதை சொல்லி முன்பணம் பிடுங்குவது நாடு முழுக்க நடக்கிறது. விற்கிறவரையும் விடுவதில்லை: உங்களுக்குப் பணம் வர இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள் என்பார்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். வயதானவர்கள் பலர் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

அரைத்துப் பார்த்தது

அக்கா ஒரு வாளியில் ஊறவைத்த அரிசியோடு வந்தார். பெரியவருக்கு ஆச்சரியம். வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டிக் காட்டத் தயாராக இருந்தார். வெறும் ட்ரம் எந்தக் கிரைண்டரிலும் சுற்றும். கோளாறு இருந்தால் பாரம் ஏறி மோட்டார் சூடானபின்தான் வெளியே வரும் என்று அக்காவுக்குத் தெரியும்.

ஓடவிடுவதற்கு முன் அவர் பார்த்தவற்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த பேரம் முழுக்க இதன்மேல்தான் நின்றது. ட்ரம்மை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார், பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று. பெல்ட்டை மடக்கி உள்பக்கம் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். ட்ரம்முக்கு அடியில் டார்ச் அடித்து, தண்டுப் பக்கம் மாவு கசிந்து காய்ந்த தடம் இருக்கிறதா என்று தேடினார். கடைசியாகக் கல். உள்ளங்கையை வைத்துத் தடவினார், குழவியைக் கழற்றி ஓரத்தின் கனத்தைப் பார்த்தார். கல்லில் மட்டும் அவர் கை கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது. அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

அரிசி போட்டுக் கால் மணி நேரம் ஓடியது. சத்தம் சரியாக இருந்தது. “நல்லா ஓடுதும்மா, ஒரு குறையும் கிடையாது” என்றார் பெரியவர். அடுக்களையிலிருந்து அவர் மனைவி, அந்த அம்மாவின் குரல் வந்தது. “வீட்டுக்கா, வியாபாரத்துக்காம்மா?”

பழைய சாமான் வாங்குகிறவர்கள் பொதுவாக இதற்கு வீட்டுக்கு என்றுதான் சொல்வார்கள். வியாபாரம் என்றால் விலை ஏறும். அக்கா, “வியாபாரத்துக்குத்தாம்மா, மாவு விக்கிறேன்” என்றார்.

“ஏங்க, அரை மணி ஓடினா சூடாகி நின்னுடுதே. அதையும் சொல்லிடுங்க.”

“ஆறினா தானே ஓடப்போகுது. அதெல்லாம் ஒரு குறையா?”

“நமக்கு நின்னா பரவாயில்ல. இவங்களுக்கு நின்னா காலையில மாவுக்கு ஆள் வந்து வாசல்ல நிப்பாங்க.”

பெரியவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்கு அரைக்கிற ஒருவருக்கு, அரை மணியில் நிற்கும் மோட்டார் ஒரு பழக்கம். அம்மா கூலிக்கு அரைத்தவர். நேரத்துக்கு மாவு தராவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் எதற்கு என்று முதலில் கேட்டார். அக்காவின் பதிலில் பொய் இருந்திருந்தால் அந்தக் குறையும் வெளியே வந்திருக்காது. உண்மையைக் கேட்கத் தெரிந்தவரும் உண்மையைச் சொன்னவரும் எதிரெதிரே அமைந்தது அந்த வீட்டின் அதிர்ஷ்டம்.

சொன்னதுபோலவே அரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் மோட்டார் நின்றது. அரைத்த மாவில் பாதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அக்கா திண்ணையில் உட்கார்ந்தார். பேரம் ஆரம்பமானது.

பேரம்

பெரியவர் ₹6,000-லிருந்து இறங்கவே ரொம்ப நேரம் எடுத்தார். அக்கா ₹3,000-ல் தொடங்கினார். “மூவாயிரத்துக்கு இரும்புக்கடைக்காரன் கேப்பான்மா.” “இரும்புக்கடைக்காரன் அரைச்சுப் பாத்துட்டா சார் கேப்பான்?” இந்த மாதிரி. அவர் ₹5,500 வந்தார், இவர் ₹3,500 போனார். பிறகு அக்கா செய்ததுதான் இந்தப் பேரத்தில் முக்கியமான இடம்.

மோட்டாரின் காயிலை, அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருளை, புதிதாகச் சுற்றிக்கொடுக்கும் கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார், எல்லாருக்கும் கேட்கும்படி. “அண்ணா, அரை மணியில சூடாகி நிக்குது, ஆறினா ஓடுது. என்ன ஆகும்?” அவர், “பாக்காம சொல்ல முடியாதுக்கா. கண்டென்சர் வீக்கா இருந்தா 200-க்குள்ள முடிஞ்சிடும். காயில் கருகியிருந்தா சுத்தணும், 2,300 ஆகும்” என்றார்.

குறை என்ன என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. செலவு ₹200-ஆகவும் இருக்கலாம், ₹2,300-ஆகவும் இருக்கலாம். இந்த இடத்தில்தான் பெரும்பாலான பேரங்கள் கெட்டுப்போகும். வாங்குபவர் ₹2,300 நிச்சயம் என்று பயமுறுத்துவார், விற்பவர் கண்டென்சர்தான் என்று அடித்துச் சொல்வார், இரண்டு பேரும் தெரியாததைத் தெரிந்ததாகப் பேசுவார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி போனை வைத்ததால் அந்த நாடகத்துக்கு இடமில்லாமல் போனது. பெரியவர் ₹5,000 என்றார். அக்கா ₹4,000-ல் நின்றார்.

அப்போது அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. “சார், மோட்டாரை விடுங்க. கல்லு நல்ல கனமா இருக்கு. பழசுன்னு நெனச்சு விலை போட்டிருக்கீங்க, ஆனா இந்தக் கல்லு இன்னும் ரொம்ப வருஷம் வரும். மோட்டாரே போனாலும் இதுக்குன்னு ஒரு விலை இருக்கு.”

பெரியவர் உடனே நிமிர்ந்தார். “அப்ப ஐயாயிரத்துக்குக் குறைய மாட்டேன்.” நியாயம்தான். அக்கா தன் வாயாலேயே தன் விலையை ஏற்றிக்கொண்டார். திரும்பும் வழியில் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். “அந்தம்மா கூப்பிடாமலே வந்து குறையைச் சொன்னாங்க. நிறை எனக்குத் தெரிஞ்சிருக்கு, நான் வாயை மூடிட்டு வந்தா நல்லா இருக்குமா?” என்றார்.

விற்கிறவர் குறையை மறைக்கக்கூடாது என்று எல்லாரும் சொல்கிறோம். வாங்குகிறவர் நிறையை மறைக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. பழைய புத்தகக் கடையில், கடைக்காரருக்கு அருமை தெரியாத பிரதியைப் பத்து ரூபாய்க்கு வாங்கிவந்து பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வியாபாரியிடம் அப்படி வாங்குவதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை; சாமானின் விலை தெரிந்திருப்பது அவர் தொழில். வீட்டைக் காலி செய்கிற வயதானவரிடம், அவருக்குத் தெரியாது என்று தெரிந்தே வாய்மூடி வாங்குவது வேறு. இதில் அக்காவோடு உடன்படாதவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நான் அக்கா பக்கம்.

₹4,000-க்கும் ₹5,000-க்கும் நடுவில் சிக்கிக்கொண்டு நின்றதை அவிழ்த்தவர் அம்மாதான். “நாலாயிரத்தைந்நூறு வச்சுக்கோங்க. ஒரு மாசத்துக்குள்ள காயில் சுத்த வேண்டி வந்தா பாதி நாங்க தர்றோம்.” தெரியாத செலவை விலைக்குள் திணிக்காமல் தனியே எடுத்து வைத்துவிட்டார். அத்தோடு பேரம் முடிந்தது. அக்கா ஒரு தாள் கேட்டார். அதில் எழுதியது:

“10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று, குழவி, பெல்ட் உட்பட. விலை ₹4,500. முன்பணம் ₹500 பெற்றேன். அரை மணி ஓடினால் சூடாகி நிற்கிறது என்று சொல்லி விற்றேன்; அரைத்துப் பார்த்து வாங்கினேன். எடுத்துப்போகும் நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மோட்டார் காயில் சுற்ற வேண்டி வந்தால் செலவில் பாதி விற்றவர் பொறுப்பு.”

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ₹500-ஐ அக்கா யுபிஐயில் அனுப்பினார். திரையில் வந்த பெயரை உரக்கப் படித்து, உங்கள் பெயர்தானே என்று கேட்டுவிட்டு அனுப்பினார்.

பேரத்தில் எது பொய், எது பேச்சு என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். “இதுதான் என் முடிவு விலை” என்று இருவரும் பல தடவை சொன்னார்கள், பிறகு நகர்ந்தார்கள். அதை நான் பொய்யில் சேர்க்கமாட்டேன். கேட்பவருக்கும் அது நகரும் என்று தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ஆனால் இல்லாத ஆளை இருப்பதாகச் சொல்வது, ‘சாயந்திரம் ஒருத்தர் ₹6,000-க்கு எடுக்க வர்றார்’ என்பது, கலப்படமில்லாத பொய். எதிரே இருப்பவர் அதைச் சரிபார்க்க முடியாது, அதை நம்பித் தன் முடிவை மாற்றுவார். அந்தத் திண்ணையில் அப்படி ஒன்று கேட்கவில்லை. உண்மையிலேயே ஒரு ஆள் வந்தது பிறகுதான்.

இடையில் வந்தவர்

வண்டி ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. அதற்குள் பழைய ஓட்டல் சாமான் வாங்கி விற்கும் ஒருவர் அதே தாளைப் பார்த்துவிட்டு வந்து, கையில் ₹6,500 எடுத்து நீட்டியிருக்கிறார். முன்பணம் வாங்கிவிட்டேன் என்றதற்கு, ஐந்நூறைத் திருப்பிப் போட்டுவிடுங்கள், நூறு சேர்த்தே போடுங்கள், என்ன ஆகிவிடப்போகிறது என்றாராம். பெரியவர் மறுத்துவிட்டார். இதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. சாமான் தூக்கும் நாளில் அம்மாதான், வேறு பேச்சுக்கு நடுவில் சொன்னார்.

₹2,000 கூடுதல் என்பது, கேட்ட விலையையும் தாண்டிய தொகை. ஓய்வூதியக் குடும்பத்துக்கு அது சின்னப் பணம் இல்லை. பெரியவரிடம் கேட்டேன். “அது என்னுது இல்லையே, எப்படி விக்கிறது?” என்றார்.

அவர் மனசாட்சியில் சொன்னது அப்படியே சட்டமாகவும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 20ஆம் பிரிவு: இன்ன பொருள் என்று குறிப்பிட்டு, எடுத்துப்போகத் தயாராக இருக்கும் ஒரு பொருளை நிபந்தனையில்லாமல் விற்க ஒப்பந்தம் ஆனால், ஒப்பந்தம் ஆன அந்த நிமிடமே உரிமை வாங்கியவருக்குப் போய்விடும். பணம் பிறகு தருவதோ சாமானைப் பிறகு எடுப்பதோ அதை மாற்றாது. அந்தத் தாளில் கையெழுத்து விழுந்தபோதே கிரைண்டர் அக்காவுடையது. பாதிச் செலவு என்பது அதோடு சேர்ந்த தனி வாக்குறுதி. என் வாசிப்பு இது. இதற்கு மறுபக்கமும் உண்டு. வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, உரிமை யாரிடமோ நஷ்டமும் அவருக்கே என்கிறது 26ஆம் பிரிவு. இடையில் அந்த வீட்டில், யார் தவறும் இல்லாமல் கிரைண்டருக்கு ஏதாவது ஆகியிருந்தால், ₹4,500-ஐ அக்கா கொடுத்தே ஆகவேண்டியிருந்திருக்கும்.

சட்டம் எதுவரை வரும்

சூடாகி நிற்பதை அம்மா சொல்லாமலே விட்டிருந்தால்? சட்டப்படி அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவு மோசடி எது என்று சொல்லிவிட்டு, வெறுமனே பேசாமல் இருப்பது மோசடி ஆகாது என்கிறது. அதற்குக் குதிரையை உதாரணம் காட்டுகிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் ஏலத்தில் விற்றால் அது மோசடி இல்லை. வாங்குவது, அப்போதுதான் சட்டப்படி மேஜரான சொந்த மகள் என்றால் சொல்லவேண்டிய கடமை உண்டு. வாங்குபவர், “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்லி, விற்பவர் பேசாமல் நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

மூன்றாவது உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய சாமான் வாங்கும் யாருக்கும் கையில் ஒரு நல்ல கருவி அது. ‘நீங்கள் சொல்லாத குறை எதுவும் இல்லை என்று நம்பி வாங்குகிறேன்’ என்று சாட்சி வைத்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால், சும்மா இருந்து தப்பிக்கும் வழி அடைபட்டுவிடும். ஆனாலும் 19ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தால் தெரிந்துகொண்டிருக்கலாம் என்ற நிலை இருந்தால், மௌனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை உடைக்க முடியாது. ஊறவைத்த அரிசியும் அரை மணி நேரமும் அந்த அக்கறை.

தரத்துக்கு உத்தரவாதம் என்பது, சரக்கு விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவுப்படி, பெரும்பாலும் அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களைத்தான் கட்டும். வீட்டைக் காலி செய்பவரைக் கட்டாது. அக்காவின் பக்கமும் அப்படியே: ₹1,000 பெறும் குதிரையை ₹10-க்கு விற்கச் சம்மதித்தாலும், சம்மதம் சுதந்திரமாகத் தந்ததாக இருந்தால் ஒப்பந்தம் செல்லும் என்று அதே 1872 சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. கல்லைப் பற்றி அவர் வாய் திறக்காமல் வந்திருந்தாலும் கேட்க யாரும் இல்லை. இரண்டு பெண்களும் சட்டம் கேட்காத இரண்டு உண்மைகளைத் தாமே முன்வந்து சொன்னார்கள்.

தூக்கிவந்த நாள்

இந்தக் கட்டத்தில் பெங்களூரில் அதிகம் நடக்கும் ஒரு அநியாயம் உண்டு. போனில் ஒரு விலைக்கு ஒத்துக்கொண்டு, வண்டியோடும் ஆளோடும் வாசலில் வந்து நின்று, அப்போது புதிதாக ஏதோ கீறலைக் கண்டுபிடித்து ஆயிரம் குறைப்பார்கள். வீடு காலி செய்பவர் வேறு வழியில்லாமல் கொடுப்பார். இதைச் சாமர்த்தியம் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது பேரமே கிடையாது. பேரம் முடிந்தபின் கொடுத்த வாக்கை உடைப்பது. எதிராளி இக்கட்டில் சிக்கிய நேரம் பார்த்து உடைப்பதால் இன்னும் கீழானது.

அக்கா மிச்சம் ₹4,000-ஐ வண்டியில் சாமான் ஏறுவதற்கு முன்னாலேயே கொடுத்தார். மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம். அம்மா ஒரு துணிப்பையில் உபரி பெல்ட் ஒன்றும் கல் கொத்தும் உளியும் போட்டுக் கொடுத்தார். தாளில் இல்லாதவை அவை. டின் ஃபேக்டரி நெரிசலில் வண்டி நின்ற நேரம் போக, பழைய மெட்ராஸ் ரோடு வழியே வீடு வந்து சேர்ந்தது.

மோட்டார் நின்றபின்

கண்டென்சர் மாற்றியதும் கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. மூன்றாவது வாரம், முகூர்த்த நாளுக்காகப் பெரிய ஆர்டர் வந்தது. விட்டுவிட்டு ஓட்டவேண்டிய கிரைண்டர் ராத்திரி முழுக்க ஓடியது. விடியும்போது கருகல் வாடையோடு நின்றது. கடைக்காரர் திறந்து பார்த்து, காயில் போய்விட்டது என்றார். பில் ₹2,300.

தாள்படி பாதி ₹1,150 பெரியவர் தரவேண்டும். அதற்குள் அவர்கள் கோயம்புத்தூர் போய்விட்டார்கள். அக்கா போன் செய்து முதலில் சொன்னது, “சார், தப்பா நெனைக்காதீங்க, ஒரு ராத்திரி நிறுத்தாம ஓட்டினேன்” என்பதுதான். சொல்லாமல் இருந்திருந்தால் கோயம்புத்தூரில் இருக்கும் அவருக்குத் தெரிய வழியே இல்லை.

பெரியவர் உருகிவிடவில்லை. தொழிற்சாலை மனிதர். பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “கழட்டின செம்புக் கம்பி எங்கே?” பழைய காயிலின் செம்புக்கு நல்ல விலை உண்டு. கேட்காதவர்களிடம் அதைக் கழிக்காமலே விட்டுவிடும் கடைகள் இருக்கின்றன. அக்கா திரும்பப் போய்க் கேட்டார். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ₹400 குறைத்தார்கள். பில் ₹1,900 ஆனது, பாதி ₹950.

ராத்திரி முழுக்க ஓட்டியதற்காக எவ்வளவு குறைக்கட்டும் என்று அக்காவே கேட்டார். “சீட்டுல எத்தனை மணி நேரம்னு எழுதலையேம்மா. வியாபாரத்துக்குன்னு சொல்லித்தானே வாங்கினே” என்றார். ₹950 அன்று சாயந்திரமே வந்தது. ஆயிரமாக ஆக்கி அனுப்பவும் இல்லை, ஐம்பது பிடிக்கவும் இல்லை.

இந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. இவ்வளவு நல்ல மனிதர்கள் இல்லாத இடத்தில் இதே சீட்டு சண்டையில் முடிந்திருக்கும். எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று எழுதவில்லை. பில்லை யார் பார்ப்பது, பழைய செம்பின் காசு யாருக்கு என்று எழுதவில்லை. எழுதாத இடங்களையெல்லாம் அவர்கள் குணம் நிரப்பியது. எல்லாப் பேரத்திலும் அதை எதிர்பார்க்க முடியாது என்பதால், இப்போது யாராவது கேட்டால் அந்த மூன்றையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறேன். தொகை ₹5,000-ஐத் தாண்டினால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டவேண்டும் என்பதையும் சொல்கிறேன். இந்தக் கிரைண்டருக்கு அது தேவைப்படவில்லை.

பக்கத்துத் தெருவில் தையல் வேலை செய்பவர் ஒருவர் போன மாதம் இந்தச் சீட்டின் வாசகத்தை எடுத்துக்கொண்டு பழைய தையல் மெஷின் பார்க்கப் போனார். விற்பவர், எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று வாயால் சொன்னார். அதையே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னதும், ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொள்கிறேன், சீட்டெல்லாம் வேண்டாம் என்றார். இவர் வாங்கவில்லை.